வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அவள் வாத்தியாரின் இடது கையை ஈரத் துண்டின் மேல் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் முதியோர் இல்லத்து மறதி வார்டில் நகம் வெட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. எதிரே உட்காரக் கூடாது. பக்கவாட்டில், இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்க்கிற மாதிரி உட்கார வேண்டும். நகவெட்டியை நாடாவில் கட்டி, நாடாவைச் சட்டைப் பைக்குள் ஊசி போட்டுக் குத்திக்கொள்ள வேண்டும். பிடுங்கினாலும் தூரப் போகாது. நம் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது, ஒரு செருப்பு கூட. அடுத்த விரலுக்குப் போகும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"இப்ப மோதிர விரல் சார்."

மோதிர விரலில்தான் வாத்தியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, பிடிக்கு நாற்பது வயது. முப்பது வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகிய கை.

"யாரு நீ? என் பேனாவ எங்க வச்ச?"

மற்றவர்களாக இருந்தால் கையை இழுத்திருப்பார்கள். இழுத்தால் பிடி இறுகும், நகமும் பதியும். அவள் இழுக்கவில்லை. முழங்கையை அவர் பக்கமாகவே கொண்டுபோனாள், அவரிடம் ஏதோ ரகசியம் சொல்லப் போகிறவள் மாதிரி. பிடித்த கையில் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மணிக்கட்டை லேசாகத் திருப்பி அந்தச் சந்து வழியாக எடுத்துவிட்டாள். வெறுமையாகிப்போன அவர் கைக்குள் மடித்த துண்டை வைத்தாள்.

"பேனா பத்திரமா இருக்கு சார். இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. இப்ப சுண்டு விரல்."

வாத்தியார் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுண்டு விரலை நீட்டினார்.

அழுக்குத் துணி எடுக்க வந்த மெஷின்காரர் வாசலில் நின்று பார்த்தார். சலவை மெஷின்கள் அவர் பொறுப்பு. வாயும் ஒரு மெஷின்தான்.

"ஏன் வாசலக்கா, நகம் வெட்டுறியா, குஸ்திக்கு நிக்கிறியா?"

"உனக்கும் வெட்டி விடணுமா? வா, உக்காரு."

"ஐயோ, எனக்குப் பத்து விரலும் வேணும்மா."

வாசலக்கா என்பது வார்டு வைத்த பெயர். எந்த அறையில் உட்கார்ந்தாலும் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். சாப்பாட்டு அறையில், பஸ்ஸில், பல் டாக்டரிடம், எங்கேயும். முதுகு சுவர்ப் பக்கம், கண் ஆட்களின் கைப்பக்கம். முகத்தைப் பார்த்து எதற்கு, முகம் யாரையும் அடித்ததில்லை என்பாள்.

நான் அந்த வார்டின் மேட்ரனாகப் பத்தொன்பது வருஷம் இருந்தேன். அவள் வருவதற்கு முந்தைய வருஷம் காயப் புத்தகத்தில் பதினான்கு பதிவுகள். அதில் ஒன்று என் முன்பல். இப்போது வாயில் இருப்பது கட்டின பல். அவள் வந்த பிறகு வருஷத்துக்கு மூன்று, நான்கு. அவள் பலசாலி என்பதனால் அல்ல. குள்ளமான பெண், முழங்கால் வேறு சரியில்லை. பதினெட்டு வயதிலிருந்து இருபத்தாறு வரை டயர் கடை மாடியில் ஒரு கூடத்தில் ஜூடோ பழகியிருக்கிறாள். கல்யாணம் ஆனதும் நின்றுபோனது. பிறகு புருஷனும் போய்ச் சேர்ந்தார். ஆளைத் தூக்கிப் போடும் வித்தைகள் உடம்பிலிருந்து எப்போதோ போய்விட்டன. நிற்கும் விதமும், மூச்சும், எதைப் பார்ப்பது என்பதும் மட்டும் மிச்சம்.

அதைத்தான் சனிக்கிழமைகளில் சலவை அறையில் எங்களுக்குக் காட்டினாள். பழைய மெத்தைகளைத் தரையில் போட்டு, ஒருத்தர் நோயாளியாக நடிக்க வேண்டும், இன்னொருத்தர் விடுவித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுப் பிடி, முடிப் பிடி, சட்டைப் பிடி. மெஷின்காரர் நோயாளி வேஷத்துக்கு முதல் ஆளாக வருவார். சமையல்காரம்மாவின் முடியைப் பிடித்து, "என் பொண்டாட்டியக் கூப்பிடு" என்று அலறுவார். "அவளையே கூப்பிடுறேன், இங்கயே வரச் சொல்றேன்" என்பார் சமையல்காரம்மா. உடனே பிடி விட்டுப்போகும்.

ஆனால் சிரிப்புக்கு நடுவிலும் அவள் விடாமல் சொன்னது ஒன்றுதான். பிடித்தவர் எதிரி இல்லை, பயந்திருக்கிற ஆள். அவருக்கு வலிக்கக் கூடாது. உன் குரல் தாழ வேண்டும், மூச்சு மெதுவாக வேண்டும், அவர் அடங்கும் வரை கூட இருக்க வேண்டும். அடங்கியதும் குற்றம் சொல்லக் கூடாது. பசியா, தூக்கமில்லையா, மலச்சிக்கலா, காரணத்தைத் தேட வேண்டும்.

வார்டுக்கு இது தங்கமான பாடம். வார்டில் சுவருக்குச் சுவர் மணி இருக்கிறது. கூப்பிட்டால் ஓடி வர இன்னொருத்தி இருக்கிறாள். எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். இந்த மூன்றும் இருப்பதனால்தான் அந்தப் பாடம் செல்லுபடியாகிறது என்பதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. அவளும் யோசிக்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

அவள் தன் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா அவளைவிட ஏழு வயது பெரியவள். பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு கூடம். இரண்டு பெண்களும் ஒன்பது வருஷம் சண்டை போட்டும் சமாதானமாகியும் நன்றாகத்தான் இருந்தார்கள். அக்காவுக்கு ஒரே மகன், முப்பத்துநாலு வயது. வெளியூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு ஓட்டியதில் லைசென்ஸ் போனது. ஒரு பெட்டியோடு அம்மாவிடம் திரும்பி வந்தான்.

வந்த புதிதில் அவனைப் பற்றி அவள் நல்ல விதமாகத்தான் சொன்னாள். பாத்திரம் கழுவுகிறான், குழாயைச் சரிபண்ணினான். "சித்தி வந்துட்டாங்க, எல்லாரும் கையத் தூக்குங்க" என்று கிண்டல் பண்ணுகிறான். குடியையும் விட்டுவிட்டான். அது உண்மைதான். அதற்கப்புறம் அவன் செய்தது எல்லாம் தெளிவான புத்தியோடு செய்தது.

முதலில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான், நகல் எடுக்க. அக்காவின் சாவி திரும்பி வரவில்லை. பிறகு அம்மாவுக்கு யார் ஃபோன் பண்ணினார்கள் என்று கேட்க ஆரம்பித்தான். பிறகு ஃபோனையே தான் எடுத்துப் பேசினான். பழைய கம்பெனித் தோழிகள் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீரில் சர்க்கரை கூடிப்போச்சு என்று கோப்பையை அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துச் சுவரில் எறிந்தான்.

மறுநாள் அவள் இதை எப்படிச் சொன்னாள் தெரியுமா?

"நாலு நிமிஷம் மேட்ரன். பக்கத்துல உக்காந்தேன், எதிர்ல உக்காரல. மெதுவாப் பேசினேன். நாலே நிமிஷத்துல அழுதுட்டான். சித்தி, எனக்கே என்னன்னு தெரியலன்னு சொன்னான்."

"நல்லாச் செஞ்ச" என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், எழுதி வைக்கிறேன். வேலை போன வருத்தம், தூக்கமின்மை, குடி விட்ட எரிச்சல் என்று இரண்டு பேருமாகக் காரணம் தேடினோம். அடங்காத நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசுவது போலவே பேசினோம். எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டோம். சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் இருக்கும்போது அவன் கோபப்படவே இல்லை. தன் வைத்தியம் பலித்தது என்று நினைத்தாள். உண்மையில் அவள் வீட்டில் இல்லாத நேரத்தை அவன் தெரிந்துகொண்டான். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை.

வெயில் காலத்தில் அக்கா முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். கேட்டால் குளிர்கிறது என்றாள். பெரியவர்களுக்கு ரத்தம் குறைந்தால் குளிரும் என்று வாசலக்காவும் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வார்டில் யாராவது வெயிலில் கையை மூடினால் முதல் வேலையாகக் கையைப் பார்க்கிறவள் அவள்.

ஒரு நாள் சாயங்காலம், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு அக்கா கேட்டிருக்கிறாள்.

"ஏண்டி, கையப் பிடிச்சா விடுவிக்கிறதுன்னு ஏதோ சொல்லுவியே. அத எனக்குக் காட்டேன்."

"உனக்கு எதுக்குக்கா?"

"சும்மாதான். டிவியில பாத்தேன், பொம்பளைங்க எல்லாம் கத்துக்கணும்னு."

இருபது தடவை காட்டினாளாம். இழுக்காதே, முழங்கையை உள்ளே கொண்டுபோ, கட்டைவிரல் சந்தில் எடு. பதினைந்தாவது தடவை அக்காவுக்கு வந்துவிட்டது. "பாத்தியா, இந்த வயசுல!" என்று சிரித்தாளாம். இவளும் சிரித்தாளாம். இரண்டு பேருமாகச் சோப்பு நுரையோடு இன்னும் ஐந்து தடவை பழகினார்களாம். வார்டில் கதை சொன்னபோது நாங்களும் சிரித்தோம். ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி தன் மணிக்கட்டை விடுவிக்க ஏன் கற்றுக்கொள்கிறாள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அங்கே இருந்த ஐந்து பேரும் பயிற்சி எடுத்தவர்கள்.

பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா அதைச் செய்தாள். அடுத்த வாரமே, காலை பத்து மணிக்கு. சரியாகச் செய்தாள். அவன் கை வெறுமையாக நின்றது. அவன் முதலில் சிரித்தானாம்.

"சித்தி பாடமா? நல்லாருக்கே. இன்னொரு தரம் பண்ணு, பாக்கலாம்."

இன்னொரு தரம் பண்ண வைத்தான். மூன்றாவது தரமும். அப்புறம் பிடிப்பதை நிறுத்திவிட்டான். கையை விடுவித்துக்கொள்ளலாம், சரி. விடுவித்த பிறகு எங்கே போவது? அந்தக் கேள்வியை நாங்கள் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் யோசித்திருந்தான். குளியலறை உட்தாழ்ப்பாளைக் கழற்றினான், துருப்பிடித்துவிட்டது என்று. சாப்பாட்டு மேஜையைக் கூடத்தின் நடுவிலிருந்து நகர்த்தி, வாசலுக்குப் போகிற வழியை ஒரு ஆள் மட்டும் நுழைகிற அளவுக்குக் குறுக்கினான். தன் நாற்காலியை அந்த வழியில் போட்டான்.

ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அக்கா தூக்கத்துல நடக்கிறாளாம் மேட்ரன். எனக்குத் தெரியவே இல்ல. படிக்கட்டுல விழுந்துடப் போறான்னு அவன் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கான். பொறுப்புதான்."

"எந்தக் கதவுக்கு?"

"அக்கா ரூமுக்கு."

"எந்தப் பக்கம்?"

"வெளிப்..." என்றவள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கள் வார்டில் ஒரு கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டுமென்றால் டாக்டர் எழுத வேண்டும், குடும்பம் எழுத வேண்டும், நான் எழுத வேண்டும், மாதம் ஒரு முறை மறுபடி எழுத வேண்டும். அந்தத் தாளில் சாட்சியாக நூறு தடவை கையெழுத்துப் போட்டவள் அவள்.

"ஒன்பது வருஷமா பக்கத்து ரூம்ல படுக்கிற. அக்கா தூக்கத்துல நடந்து பாத்திருக்கியா?"

அவள் முகம் மாறவில்லை. கையில் இருந்த ரொட்டித் துண்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முழுக்கை, மாத்திரை, தோழிகள், சாவி, கோப்பை என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

"நான் சொல்லிக் குடுத்தேன் மேட்ரன். அவளுக்கு வாசலக் காட்டாம கையக் காட்டிட்டேன்."

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ. பைய எடு."

"போலீஸுக்கு ஃபோன் பண்ணினா?"

"வருவாங்க. அம்மா தூங்குறாம்பான். உங்க அக்காவும் ஆமாம்பா. போயிருவாங்க. முதல்ல ஆள வெளிய எடுப்போம்."

வார்டில் ஒரு சட்டம், அடங்காத அறைக்குள் ஒருத்தி தனியாகப் போகக் கூடாது. அதனால் நானும் போனேன். அப்போது எனக்கு அறுபத்திரண்டு. மெஷின்காரரிடம் விலாசத்தைக் கொடுத்து, "மூணரைக்குள்ள என்கிட்டேருந்து ஃபோன் வரலன்னா போலீஸக் கூப்பிடுங்க" என்றேன். அவர் எப்போதும் ஏதாவது சொல்லுவார். அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

பஸ்ஸில் இருபது நிமிஷம். அவள் பேசினது கொஞ்சம்தான்.

"நான் அவன் கூடப் பேசுவேன். நீங்க என்னப் பாக்காதீங்க. நீங்க தாழ்ப்பாளப் பாருங்க. என்ன நடந்தாலும் என் பக்கம் வராதீங்க. அக்காவக் கூட்டிட்டுப் படிக்கட்டுல இறங்கிட்டுச் சத்தம் குடுங்க."

"உன்ன அடிச்சா?"

"அடிச்சா அடிக்கட்டும். அந்த நேரம் அவன் கை என்கிட்ட இருக்கும்."

கதவைத் திறந்தவன் சிரித்தான். சவரம் பண்ணி, தலை சீவி, துவைத்த சட்டையோடு இருந்தான். வீடு பளிச்சென்று இருந்தது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தப் பொருளும் யாரும் தொடாத மாதிரி இருந்தது.

"என்ன சித்தி, சீக்கிரமா? மேட்ரனம்மா வேற. வாங்க வாங்க. அம்மா தூங்குறாங்க, எழுப்ப வேணாம்."

உள்ளே கால் வைத்ததும் எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தப் போனான். அவள் தன் பையைத் தோளிலிருந்து நழுவவிட்டாள்; அது நிலைப்படியில் விழுந்து கதவை மறித்தது.

"திறந்தே இருக்கட்டும்பா. மேட்ரனுக்குக் காத்து வேணும்."

"ஃபேன் போடுறேன்."

"வேணாம். திறந்தே இருக்கட்டும்."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. பையைக் காலால் தள்ளப் பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் அம்மாவின் அறைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அவன் தோளுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் தெரிந்தது. புதுசு, கை அகலம், நாலு திருகாணி. போட்டிருந்தது.

"அக்கா" என்று இவள் கூப்பிட்டாள், சத்தமாக இல்லாமல்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"தூங்குறாங்கன்னு சொன்னேன்ல சித்தி."

"சரிப்பா. எனக்குத் தண்ணி வேணும். வெயில்ல வந்தேன்."

"எடுத்துக்கோங்க. உங்க வீடுதானே."

அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் சமையலறைப் பக்கம் போகாமல் அவனை நோக்கி நடந்தாள். பக்கவாட்டாக, ஒரு தோள் முன்னால். கையெட்டும் தூரத்தில் நின்று, "கொஞ்சம் நகரு, நான் அக்காவப் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லித் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினாள். வேண்டுமென்றே மெதுவாக நீட்டினாள் என்று பிறகு சொன்னாள். பிடிக்கட்டும் என்று.

பிடித்தான். இரண்டு கையாலும்.

அவள் எத்தனையோ பிடிகளிலிருந்து வெளியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் போதும் அவளுக்கு. அன்றைக்கு அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. மாறாக, பிடிபட்ட கையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, பின்பக்கமாக அரைவட்டம் நடந்தாள். அவன் விடவில்லை, அதனால் கூடவே வந்தான். இரண்டு எட்டில் அவன் முதுகு என் பக்கம் இருந்தது. கதவு வெறுமையாக இருந்தது.

"எங்க போறீங்க? எங்க போறீங்கன்னு கேக்குறேன்" என்று அவன் அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. அவள் தாழ்ந்த குரலில், வாத்தியாரிடம் பேசுகிற அதே குரலில், "நான் எங்கயும் போகலப்பா. இங்கதான் இருக்கேன். என்னப் பாரு" என்றாள்.

நான் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். உள்ளங்கையால் குத்தி நகர்த்தினேன். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், உடுத்தி, தலை வாரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் முறை வருவதற்காக உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி. கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. அது எதற்கு என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"எழுந்திருங்க. வெளிய போறோம்."

"அவன் இன்னும் சாப்பிடல" என்றாள்.

"கை இருக்கு, சாப்பிடுவான். செருப்பு வேணாம், வாங்க."

கூடத்தைத் தாண்டும்போது ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி மாதிரி. அக்கா நின்றாள். நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். மென்மையாகத் தள்ளினேன் என்று சொல்ல மாட்டேன். பையைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, முதல் வளைவு வரை இறங்கிவிட்டு, "வெளிய வந்தாச்சு" என்று கத்தினேன். இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

வாசலக்கா அப்புறம்தான் அவன் பிடியிலிருந்து கையை எடுத்தாள். பையையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். வலது கட்டைவிரல் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. அவன் வாசல் வரை வந்தான். படிக்கட்டில் ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும், "சித்திக்கு உடம்பு சரியில்ல. வேலைப் பளு" என்று அவர்களிடம் அமைதியாகச் சொன்னான். ஒருவர் தலையாட்டவும் செய்தார்.

தெருவுக்கு வந்து மூன்று இருபதுக்கு மெஷின்காரருக்கு ஃபோன் பண்ணினேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டைவிரல் எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்துக் கட்டினார்கள். பிறகு இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இல்லத்துக்குப் பின்தெருவில், தரைத்தளத்தில் ஒற்றை அறை.

ஆளை வெளியே எடுத்தாகிவிட்டது என்று நான் நினைத்தேன். எடுத்தது பாதி வேலை. ஆறு மணிக்குள் அவன் என் ஃபோனில் பதினோரு தடவை கூப்பிட்டான். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. கடைசித் தடவை எடுத்தேன். "அம்மாவோட ராத்திரி மாத்திரை இங்க இருக்கு மேட்ரனம்மா. நீங்க இருக்கிற பச்சை கேட் வீட்டுக்கு நானே கொண்டுவந்து தரட்டுமா?" என்றான், மரியாதையாக.

என் வாசல் கேட் பச்சைதான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "நான் போயிடுறேன்" என்றாள். "நான் போனா எல்லாம் சரியாயிடும். உங்களுக்கெல்லாம் எதுக்குத் தொல்லை? அவன் தனியா இருந்தா இன்னும் கெட்டுப் போவான்."

நான் வாயைத் திறந்தேன். வாசலக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். எழுந்து போய், என் கதவுச் சாவியை எடுத்து அக்காவின் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இது உன்கிட்ட இருக்கட்டும்க்கா. போகணும்னு தோணினா திறந்துட்டுப் போ. நான் மறிக்க மாட்டேன்."

"என்னடி பண்ற?" என்றேன் நான். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"நானும் பூட்டி வச்சா, அவனுக்கும் எனக்கும் என்ன மேட்ரன் வித்தியாசம்?" என்றவள் அக்கா பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ திரும்பிப் போனா, அந்தக் கதவு அடுத்த தடவை எப்பத் திறக்கும்?"

அக்கா சாவியைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்தச் சாவியைப் பிடித்தபடியே அவள் சாய்ந்துகொண்டதுதான் அன்றைக்கு நான் கடைசியாகப் பார்த்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் எழுந்தபோது அக்கா முகம் கழுவி நின்றிருந்தாள். சாவி கதவில் செருகியிருந்தது. என் செருப்பைப் போட்டுப் பார்த்தாள். ஒரு அளவு பெரிசு. பரவாயில்லை என்று போட்டுக்கொண்டாள். தேநீர் கூடக் குடிக்கவில்லை. மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பச்சை கேட்டுக்கு வெளியே, சுவரோரமாக, அக்காவின் மாத்திரைகள் ஒரு காகிதப் பையில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் இருந்த பெண் காவலர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று நடுத்தர, வயசான பெண்கள். ஒருத்திக்குக் கட்டு, ஒருத்திக்குப் பொருந்தாத செருப்பு.

"யார் மேல?"

"என் பையன் மேல" என்றாள் அக்கா.

"பெத்த பையன் மேலயாம்மா? நல்லா யோசிச்சீங்களா?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும் இன்ஸ்பெக்டர் நாளைக்குத்தான் வருவார். நிதானமா நாளைக்கு வாங்களேன்."

வாசலக்கா முன்னால் ஒரு எட்டு வைத்தாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தாள். பிறகு அங்கிருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குள்ள எனக்கு மனசு மாறிடும்மா" என்றாள். "இப்பவே எழுதிக்கோங்க. பேரு சொல்றேன்."

அந்தப் பெண் பேனாவை எடுத்தார். எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.